பறவை பார்க்கப் போறீங்களா? முதல்ல டிபனை முடிவு பண்ணுங்க!

'பொங்கல் லீவுக்கு எங்கே போகலாம்?' கீழ்பென்னாத்தூர் பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பினால், பெரும்பாலும் 'பாண்டிச்சேரி பீச்' என்றுதான் முடியும். அதே செஞ்சி, திண்டிவனம் ரோட்டில் போய் மரக்காணம் பக்கம் திரும்பிப் பாருங்கள். கழுவெளி காத்திருக்கிறது!

மழைத் தண்ணீரும், ஓடை வழியே ஏறிவரும் கடல் தண்ணீரும் கலக்கிற பெரிய சதுப்பு நிலம் இது. பரப்பு 5,100 ஹெக்டேருக்கும் மேல். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட்டில் ராம்சார் ஈரநிலங்கள் பட்டியலிலும் இடம் பிடித்துவிட்டது. கீழ்பென்னாத்தூரிலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணம்தான்.

'இதுக்குப் போய் என்ன பெரிய பிளான்?' என்கிறீர்களா? குடும்பத்தோடு போகும் இந்த மாதிரிப் பயணம் பெரும்பாலும் பறவை இல்லாததால் கெடுவதில்லை. மாமனாருக்குத் தலை சுற்றுவதால், பாத்ரூம் பயத்தில் அம்மா தண்ணீரே குடிக்காமல் இருப்பதால், குழந்தை பசியில் அழுவதால்தான் கெடுகிறது!

எந்த மாதம்?

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதனால், மழை ஓய்ந்தபின் ஜனவரி, பிப்ரவரியில் போவது நல்லது. அப்போது தண்ணீர் மெல்ல வடிந்து ஓரத்தில் சேறு தெரியும். அந்தச் சேற்றில்தான் புழு, பூச்சி, நத்தை எல்லாம். உள்ளான்களும், நீண்ட மூக்குள்ள கருவால் மூக்கனும் அங்கே இறங்கும். தண்ணீரில் ஊசிவால் வாத்து, தலைக்கு மேலே ஆலா. அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரையும் கண்ணில் படும்.

கிளம்பும் முன், எந்தக் கரைவரை போக அனுமதி என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்கு?

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் சூரியன் உதிக்கும்போது அங்கே இருக்கலாம். கிழக்குக் கரையில் நிற்க இடம் கிடைத்தால் ரொம்ப நல்லது. வெயில் முதுகுப் பக்கம் விழும், பறவைகளின் நிறம் பளிச்சென்று தெரியும். ஒன்பதரைக்குள் பார்த்து முடித்துவிடுங்கள்.

பைனாகுலர் எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்! சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.

யாருக்கு என்ன கவனம்?

சர்க்கரை உள்ளவர்கள்: 'பறவையைப் பார்த்துட்டு சாப்பிடலாம்' என்று தள்ளிப் போடாதீர்கள். இன்சுலின் அல்லது மாத்திரை எடுத்துக்கொண்டு டிபனைத் தள்ளினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலை எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது உத்தமம்.

பெண்கள்: பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரை நிறுத்தாதீர்கள். குடிக்காமலும், வந்ததை அடக்கியும் வைத்தால் சிறுநீர்த் தொற்றுக்கு வழி. கரையில் வசதி இருக்கும் என்று நம்பாமல், திண்டிவனத்திலோ மரக்காணத்திலோ வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். இதில் கூச்சம் எதற்கு?

ஆஸ்துமா உள்ளவர்கள்: தை மாதப் பனியில் மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடிக்கொள்ளுங்கள். இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்கட்டும், டிக்கியில் உள்ள பெட்டியில் அல்ல.

மூட்டு வலி உள்ளவர்கள்: ஒரு மடக்கு நாற்காலி போதும். பறவை பார்க்க நடந்தே ஆகவேண்டும் என்பதில்லை. அசையாமல் உட்கார்ந்தவர்களுக்குத்தான் நிறையத் தெரியும்!

கல் எறியாதே கண்ணா!

2022-ல் இந்த மூக்கன் இனத்தின் உறவுக்காரப் பறவை ஒன்று, பிறந்து ஐந்தே மாதம் ஆனது, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது. அவ்வளவுக்கும் உடம்பில் சேர்த்த கொழுப்புதான் பெட்ரோல்! கழுவெளிக்கு வரும் பறவைகளும் இங்கே சேற்றைக் கிளறித் தின்பது, பங்குனி வாக்கில் வடக்கே திரும்பிப் போவதற்கான சேமிப்பு. 'கூட்டமா பறக்கிறதைப் பார்க்கலாம்' என்று கை தட்டினாலோ கல் எறிந்தாலோ, அந்தச் சேமிப்பில் கொஞ்சம் கரைகிறது. டிபன் தள்ளிப்போனால் மாமனாருக்கு என்ன ஆகுமோ, அதுதான் அதற்கும். பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லுங்கள், சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

செத்த பறவை, நோயாளிப் பறவை, எச்சம் எதையும் தொட விடாதீர்கள். பறவைக் காய்ச்சல் ஆபத்து உண்டு. சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

பையில் இருக்கட்டும்

* மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, வாழைப்பழம், குடிதண்ணீர், பிளாஸ்க்கில் டீ.
* அன்றைய மாத்திரைகள், டாக்டர் சீட்டு, குளுக்கோஸ்.
* தொப்பி, ஸ்வெட்டர், மாற்று உடை. பளிச்சென்ற வெள்ளை, சிவப்பு வேண்டாம். மங்கிய பச்சை, காக்கி நல்லது.
* கை கழுவ சோப்பு, குப்பையைத் திருப்பி எடுத்துவர ஒரு பை.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, பார்த்த பறவைகளை எழுதச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் 'எப்போ கிளம்பறோம்?' என்று கேட்பது அவர்களாகத்தான் இருக்கும்!