ஊர் மாறினால் டாக்டரும் மாறுவார்... உங்கள் உடம்பின் கதை?

"டாக்டர், எங்க அப்பாவுக்கு நீங்க என்னென்ன மருந்து கொடுத்துட்டிருந்தீங்க? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க..."

விடியற்காலை ஐந்து மணிக்குச் சென்னையிலிருந்து வந்த போன். தூக்கம் கலைந்து எழுந்த எனக்கு, பேசுவது யார் என்று புரியவே அரை நிமிஷம் ஆனது. திருவையாறு பக்கத்து விவசாயி ஒருவரின் மகன். பெரியவருக்கு வயது 68. சம்பா அறுவடை முடிந்ததும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மகன் வீட்டோடு இருக்கப் போனவர். போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. மாத்திரைக்கு உள்ளூர் ஆங்கில மருத்துவரிடம் போவார். என்னிடம் ஆவாரைக் குடிநீர்ச் சூரணம் வாங்கிக் கஷாயம் போட்டுக் குடிப்பார். இரண்டு பேருக்கும் அவர் உடம்பு அத்துப்படி. அதனால் எதையும் எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்!

சென்னையில் என்ன நடந்தது? மூட்டை முடிச்சு கட்டிய அவசரத்தில் நாலைந்து நாள் மாத்திரை விட்டுப் போயிற்று. பக்கத்து கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள், சர்க்கரை எகிறியிருந்தது. "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டதற்கு, "சின்னதா வெள்ளையா ஒண்ணு, காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றாராம். அந்த டாக்டர் என்ன செய்வார், பாவம். புதிதாக எழுதிக் கொடுத்தார். மருமகள் வேளை தவறாமல் கொடுத்தாள். பெரியவருக்கோ பழைய மருந்து மேல்தான் நம்பிக்கை. பையின் அடியில் கிடந்த பழைய அட்டையைத் தேடி எடுத்து, அதையும் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டார். கூடவே என் கஷாயம்.

இரண்டு அட்டையிலும் பெயர் வேறு, நிறம் வேறு. உள்ளே இருந்த மருந்து ஒன்றேதான்... கிளிமிபிரைடு. ஒரு மருந்துக்கு ஒரு வேளையில் இரட்டை அளவு! முதல் நாள் ராத்திரி சாப்பாடும் சரியில்லை. விடிகாலையில் உடம்பெல்லாம் வேர்வை, வாய் குழறல். பக்கவாதம் என்று பயந்துபோய் 108-க்குப் போன் செய்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை 42. குளுக்கோஸ் ஏற்றிய பிறகு கண் திறந்தார். இந்த மாத்திரையினால் இறங்கும் சர்க்கரை, ஏற்றிய பிறகும் மறுபடி இறங்கலாம். அதனால் ஒருநாள் முழுக்கக் கண்காணிப்பில் வைத்தார்கள்.

அன்றைக்கு நான் என்னைத்தான் நொந்துகொண்டேன். ஊரைவிட்டுப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டுதானே போனார்? ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா?

நம் தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது புதிய விஷயமும் அல்ல. 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில், கண் சிகிச்சைக்கு வந்தவர்களின் விவரத்தைக் கண்ணின் வண்ணப் படத்தோடு எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. சிகிச்சை செய்த கை எது என்று தெரியாதவர்கூட அதைப் படித்து, இந்தக் கண்ணுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளலாம். நாமோ இரண்டு தெரு தாண்டிப் போனாலே "பழைய சீட்டெல்லாம் எங்கேயோ போயிடுச்சு டாக்டர்" என்கிறோம்!

சீட்டில் என்ன இருக்க வேண்டும்?

ஊரைக் காலி செய்வதற்கு ஒரு மாதம் முன்பே பழைய டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். "எங்களை விட்டுட்டுப் போறீங்களா" என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வியாதியின் பெயர், எத்தனை வருஷமாக, மருந்தின் உண்மைப் பெயர் (அட்டையில் இருக்கும், கம்பெனி வைத்த பெயர் அல்ல), அளவு, வேளை, செய்த ஆபரேஷன், ஒத்துக்கொள்ளாத மருந்து. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். இதில் ஒன்றே ஒன்றுதான் எழுத இடம் இருக்கிறது என்றால், ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை எழுதச் சொல்வேன். பெனிசிலின் ஊசிக்கு மூச்சுத் திணறிய ஒருவருக்கு, தெரியாமல் மறுபடி அதையே போட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் அந்தக் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்கலாம். 2002-ல் வந்த மருத்துவர் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளிக் குறிப்புகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். ஆனாலும் காகிதம் கையில் இருக்கட்டும். ராத்திரி நேரத்தில் போனில் சார்ஜ் இருக்காது!

ஒரு மாதத்துக்கான மருந்தும் கையோடு போகட்டும். புது ஊரில் டாக்டர் கிடைக்கும்வரை நிறுத்திப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நாள்பட்டுச் சாப்பிடும் ஸ்டீராய்டும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படித்தான். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் தங்கள் நிக்ஷய் எண்ணைக் குறித்துக்கொண்டு, போகும் ஊரைச் சொன்னால் போதும். அங்குள்ள அரசு மையத்துக்கே சிகிச்சையை மாற்றித் தருவார்கள், மருந்தும் இலவசம்.

இன்சுலின் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் ஊரில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. வெளிநாடுகளில் பெரும்பாலும் 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடுவரை இழுத்தால், உள்ளே போவது 20 அல்ல, 50! சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ பேரனைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகள் குப்பியையும் ஊசியையும் ஜோடியாகவே வைத்திருக்க வேண்டும்.

புது டாக்டரிடம்...

காய்ச்சல் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். குடிபோன முதல் மாதத்திலேயே, உடம்பு நன்றாக இருக்கும்போது ஒருமுறை போய் வாருங்கள். பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்பெஷலிஸ்ட் பிறகு. முதலில் நடந்து போகும் தூரத்தில் ஒரு பொது மருத்துவர் வேண்டும். அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது "கைராசிக்காரரா?" என்று கேட்பதைவிட, "ராத்திரி அவசரம்னா எங்கே அனுப்புவார்?" என்று கேளுங்கள். மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல டாக்டர் என்பதற்கு என் அடையாளம் ஒன்று உண்டு. உங்கள் பழைய சீட்டை வாங்கிப் படிப்பார். படிக்காமலேயே "இதெல்லாம் தூக்கிப் போடுங்க" என்கிறவரிடம், எதை நிறுத்துகிறீர்கள், ஏன் என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். புது மாத்திரை எழுதினால், பழையதைத் தொடரவா, விடவா என்றும் கேளுங்கள். அந்தப் பெரியவர் வீட்டில் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்.

சித்த மருத்துவரைத் தேடுகிறவர்களுக்கும் இதேதான். பலர் வந்ததும் வாயே திறக்காமல் கையை நீட்டுவார்கள். "நாடி பிடிச்சா எல்லாம் தெரிஞ்சிடுமே ஐயா!" நாடியில் வாதம், பித்தம், கபத்தின் போக்குத் தெரியும். நீங்கள் சாப்பிடும் மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று எந்த நாடியும் சொல்லாது. பொறியால் அறிதல், புலனால் அறிதல் என்பவற்றோடு வினாதல் என்றும் ஒன்றை நம் முறையிலேயே வைத்திருக்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும், சொல்லத்தான் வேண்டும். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்பதையும் சேர்த்துத்தான். காவிரிக் கரையின் மருத நிலம் உடம்புக்கு ஏற்றது, கடலோர நெய்தலில் வாதம் மிகும் என்பது சித்த மருத்துவக் கணக்கு. இங்கே இருந்தவரைக்கும் வராத மூட்டு வலி சென்னைக்குப் போனதும் வருகிறது என்றால், வைத்தியர் அதையும் யோசிப்பார்.

சென்னைப் பக்கம் போகிறவர்களுக்கு அரும்பாக்கத்தில் அரசு சித்த மருத்துவமனையும், தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மற்ற ஊர்களுக்குப் போகிறவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் சித்தப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். லாட்ஜில் அறை எடுத்து, போர்டு மாட்டி, பெயர் எழுதாத பொட்டலம் கொடுப்பவர்களிடம் போக வேண்டாம். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து கொடுத்து, வலி போன சந்தோஷத்தில் சர்க்கரையும் வீக்கமும் வாங்கிக்கொண்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தப் பெரியவருக்கு நான் கொடுத்த சூரணமும் வெறும் பொட்டலமாகத்தான் போயிற்று. ஆஸ்பத்திரியில் அதைப் பிரித்துப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டபோது மகனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குத்தான் அந்த ஐந்து மணி போன். இப்போதெல்லாம் ஒவ்வொரு பொட்டலத்திலும் மருந்தின் பெயர், அளவு, தேதி எழுதித்தான் கொடுக்கிறேன். ஆங்கில மருந்து சாப்பிடுகிறவர் என்றால், அந்த டாக்டர் படிப்பதற்கென்று தனிச் சீட்டும் உண்டு.

பெரியவர் பொங்கலுக்கு ஊர் வந்தபோது பார்க்க வந்தார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, மகன் கையெழுத்தில் எல்லாம் இருந்தது. "கஷாயம் குடிக்கலாமான்னு புது டாக்டரைக் கேட்டேங்க. மாத்திரையைப் பாதியாக் குறைச்சிருக்கார். வாரம் ஒருதரம் சர்க்கரை பார்த்துக்கிட்டுக் குடிங்கன்னார்" என்றார். நோட்டில் அதையும் எழுதச் சொல்லி, கீழே நான் கொடுத்த சூரணத்தின் அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.