பாலிஷ் போடுவதா, எடுப்பதா?

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாகான் டாலாம் பக்கம் வந்து பாருங்கள், மாணவர்களே. அடுக்குமாடி வீடுகளின் கீழே வாளியும் துணியுமாக அப்பாக்களும் அண்ணன்களும் கார்களைச் சுற்றிக் கொண்டிருப்பார்கள். கடையில் வாங்கிய மூன்று டப்பாக்கள் தரையில் வரிசையாக இருக்கும். பாலிஷ், சீலண்ட், மெழுகு. எதை முதலில் போடுவது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். "எதை முதலில் போட்டால் என்ன, கடைசியில் பளபளத்தால் சரி" என்பவரும் உண்டு.

குழப்பத்துக்கு நம் பேச்சு வழக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பாலிஷ் 'போடுகிறோம்', சீலண்ட் 'போடுகிறோம்', மெழுகும் 'போடுகிறோம்'. மூன்றுக்கும் ஒரே வினைச்சொல். ஆனால் பாலிஷ் போடும்போது காரின்மேல் எதுவும் சேர்வதில்லை, காரிலிருந்து கொஞ்சம் போகிறது. சீலண்ட் காரோடு ஒட்டிக்கொள்கிறது. மெழுகு எதனோடும் ஒட்டாமல் மேலே படிந்து கிடக்கிறது. இந்த மூன்று வேலைகளையும் புரிந்துகொண்டால், வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

முதலில், எதைத் தேய்க்கிறோம்? காரின் சாயம் ஒரே பூச்சு அல்ல. எஃகுத் தகட்டின்மேல், மின்னோட்டத்தைக் கொண்டு படியவைத்த ஒரு துருத்தடுப்பு அடுக்கு இருக்கும். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் சாயம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு கண்ணாடி போன்ற அடுக்கு. இதைத்தான் கிளியர் கோட் என்கிறார்கள். எல்லாம் சேர்ந்தும் பொதுவாக 100 முதல் 150 மைக்ரோமீட்டர் கனம்தான். உங்கள் ஏ4 தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரோமீட்டர். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரோமீட்டர். அதாவது ஏ4 தாளில் பாதிக் கனம்.

இந்தப் பாதித் தாள்தான் அடியில் இருக்கும் நிறத்தைக் காப்பாற்றுகிறது. புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் பொருள்கள் இதில் கலக்கப்பட்டிருக்கின்றன. பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை பாகைகூட வடக்கே இல்லை. ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சியில்தான் நிற்கும். அதனால் காரின் கூரையும் பானட்டும்தான் அதிக அடி வாங்குகின்றன. பட்டர்வொர்த் சாலைகளில் பழைய கார்களின் கூரை வெள்ளை வெள்ளையாகத் தோலுரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கிளியர் கோட் செத்துப்போன அடையாளம். எந்தப் பாலிஷும் எந்த மெழுகும் அதைத் திரும்பக் கொண்டுவராது. அந்தப் பகுதிக்கு மறுபடியும் சாயம் அடிக்க வேண்டியதுதான், அதற்கு ஆகும் செலவை அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது பாலிஷுக்கு வருவோம். பாலிஷ் டப்பாவில் இருப்பது எண்ணெய், நீர் கலந்த குழம்பில் மிதக்கும் நுண்ணிய தூள். பெரும்பாலும் அது அலுமினியம் ஆக்சைடு. இதன் இயற்கைப் படிகத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் குருந்தம். ஆங்கிலேயர் அந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டு 'கொரண்டம்' என்றார்கள். மாணிக்கமும் நீலக்கல்லும் இதே பொருள்தான். மோஸ் கடினத்தன்மை அளவில் இதற்கு 9; வைரத்துக்கு 10. இவ்வளவு கடினமான தூளைக் கொண்டு தேய்த்தால் என்ன நடக்கும்? கிளியர் கோட் தேயும். நன்றாகச் செய்தால் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர், முரட்டுத்தனமாகச் செய்தால் அதைவிட அதிகம்.

தேய்த்தால் ஏன் பளபளக்கிறது? இதற்குச் சமையலறையிலேயே விடை இருக்கிறது. பல ஆண்டுகள் புழங்கிய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து ஒற்றை விளக்கின் கீழே பிடியுங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியும். தட்டை நகர்த்துங்கள். வட்டங்களும் விளக்கின் பிம்பத்தோடு சேர்ந்து நகரும்! கீறல்கள் எப்படி நகரும்? உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு கீறலும் ஒரு சின்னஞ்சிறு பள்ளம். விளக்கின் ஒளியைச் சரியாக உங்கள் கண்ணுக்குத் திருப்பிவிடும் கோணத்தில் இருக்கும் பள்ளங்கள் மட்டுமே மின்னுகின்றன. அவை பிம்பத்தைச் சுற்றி வளைவாக அமைவதால் வட்டமாகத் தெரிகின்றன. இரவில் தெருவிளக்கின் கீழ் கறுப்புக் கார் ஒன்றின் பானட்டைப் பாருங்கள், இதே வலை தெரியும்.

வழவழப்பான பரப்பில் ஒளி ஒழுங்காகப் பிரதிபலிக்கும். கீறல் நிறைந்த பரப்பில் பல திசைகளில் சிதறும், அதனால் மங்கல். பாலிஷ் அந்தக் கீறல்களை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்து இறக்குகிறது. பெரிய கீறல்களுக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய கீறல்கள் மிஞ்சுகின்றன. மெருகேற்றிய கண்ணாடியைப் பற்றி நியூட்டன் 1704இல் வெளியிட்ட 'ஆப்டிக்ஸ்' நூலில் இதையேதான் விளக்கினார். சில மலிவான பாலிஷ்களில் எண்ணெய் அதிகம். அந்த எண்ணெய் பள்ளங்களில் உட்கார்ந்து கீறலை மறைக்கும். நாலு தடவை கழுவியதும் கீறல்கள் மறுபடி எட்டிப்பார்க்கும்.

ஆகவே பாலிஷ் முதலில் வரவேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. சீலண்டையும் மெழுகையும் போட்டுவிட்டு மேலே பாலிஷைத் தேய்த்தால், குருந்தத்தூள் முதலில் அந்த இரண்டையும்தான் சுரண்டி எடுக்கும். செய்த வேலையை நீங்களே அழித்ததாகும்.

ஆனால் பாலிஷுக்கும் முன்னே ஒரு வேலை உண்டு. அதுதான் கழுவுதல். தூசியில் இருக்கும் மணல் குவார்ட்ஸ். மோஸ் அளவில் 7. கிளியர் கோட் ஒருவகைப் பிளாஸ்டிக், மணலின் முன் அது மென்மையானது. கழுவாமல் துணியால் துடைத்தால் அந்த மணலே உப்புத்தாளாக மாறிவிடும். இறகுத் துடைப்பத்தால் காரைத் தினமும் தட்டித் துடைப்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் மேலே சொன்ன சிலந்தி வலையை நெய்பவர்களில் அவர்களும் உண்டு. கழுவிய பிறகும் விரலால் தடவினால் சொரசொரப்பாக இருந்தால், காருக்கென்றே விற்கும் களிமண் கட்டியை வழுக்கும் திரவம் தெளித்துத் தேய்த்து, ஒட்டியிருக்கும் துகள்களை எடுக்கலாம்.

அடுத்தது சீலண்ட். இது செயற்கைப் பல்மம். பல சீலண்டுகளில் அமினோ தொகுதி கொண்ட சிலிகோன் சேர்மங்கள் இருக்கும். அவற்றின் ஒரு முனை சாயப் பரப்பால் ஈர்க்கப்பட்டு ஒட்டிக்கொள்ளும், பிறகு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலைபோல ஆகும். இதற்கு இரண்டு தேவைகள். ஒன்று, வெறும் பரப்பு. பாலிஷ் விட்டுச்சென்ற எண்ணெய் இடையில் இருந்தால் சீலண்ட் எண்ணெயில்தான் ஒட்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பாலிஷுக்குப் பிறகு, நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு ஒருமுறை துடைக்கிறார்கள். இரண்டு, நேரம். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரை அதை நனையாமல் விடவேண்டும். பினாங்கின் மாலை மழையை நம்பி இதைச் செய்யாதீர்கள், கூரையுள்ள இடம் தேவை.

மெழுகை ஏன் சீலண்டுக்கு முன் போடக்கூடாது? ஒரு சோதனை செய்து பாருங்கள். மீந்துபோன வழவழப்பான ஓடு ஒன்றை எடுத்துக் கழுவிக் காயவையுங்கள். பாதியில் மட்டும் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மெல்லிய படலம் மிஞ்சும்படி துணியால் துடைத்துவிடுங்கள். இப்போது இரண்டு பாதியிலும் ஒட்டுநாடாவை ஒட்டி இழுங்கள். வெறும் ஓட்டில் நாடா நன்றாகப் பிடிக்கும். மெழுகுப் பாதியில் எளிதாகக் கழன்று வரும். சீலண்டுக்கும் அதே கதிதான். மெழுகின் மேல் போட்ட சீலண்ட், மெழுகு போகும் அன்றைக்குத் தானும் போய்விடும். அதே ஓட்டில் இரண்டு பாதியிலும் ஒரு சொட்டு நீர் விடுங்கள். மெழுகின்மேல் நீர் முத்துப்போல் திரளும், வெறும் ஓட்டில் பரவும். நீர் மூலக்கூறுகளுக்கு மெழுகின்மேல் ஈர்ப்புக் குறைவு, தங்களுக்குள் ஈர்ப்பு அதிகம்.

மெழுகில் பேர்போனது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலைமேல் படியும் மெழுகு அது. வறண்ட வெயிலில் ஓலையிலிருந்து நீர் ஆவியாகாமல் இருக்க மரம் தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. நம் ஊருக்கு இது பொருத்தம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. தேன்மெழுகு 62 முதல் 65 பாகை செல்சியஸில் உருகிவிடும். வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானட் அந்த வெப்பத்தைத் தொட்டுவிடக்கூடும். கார்னோபாவோ 82 பாகைக்கு மேல்தான் உருகும். ஆனால் அது தனியே செங்கல்போலக் கடினமானது, பூச முடியாது. அதனால் கரைப்பானும் எண்ணெயும் சேர்த்துக் குழைத்து விற்கிறார்கள். சீலண்ட் இறுகும் முன்பே மெழுகைப் போட்டால் இந்தக் கரைப்பான் அதைக் கலைத்துவிடும். அவசரப்படக்கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

என் கருத்தைக் கேட்டால், சீலண்ட் ஒழுங்காகப் போட்ட காருக்கு மெழுகு கட்டாயமில்லை. அது தரும் ஆழமான பளபளப்புக்காகவும், காக்கை எச்சம் போன்றவை முதலில் மெழுகைத் தாக்கட்டும் என்பதற்காகவும் போடலாம். எச்சத்தை உடனே நனைத்துக் கழுவுவதுதான் அதைவிட நல்லது.

இப்போது 'செராமிக்' பூச்சு என்று பெரிய விலைக்குச் செய்கிறார்கள். அதற்கும் வெறும் பரப்புதான் வேண்டும். அது சீலண்டின் இடத்தில் வரும். விளம்பரத்தில் '9எச் கடினம்' என்று இருந்தால் மோஸ் அளவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பென்சில் சோதனை. 9எச் பென்சிலால் கீறினாலும் தாங்கும் என்பதே பொருள். பென்சில் முனை கிராபைட்டும் களிமண்ணும் கலந்தது. மணல் துகளுக்கு அது ஈடாகாது.

மெழுகு சில வாரங்களிலும் சீலண்ட் சில மாதங்களிலும் தேய்ந்துபோகும், மறுபடி போட்டுக்கொள்ளலாம். பாலிஷ் அப்படியல்ல. ஒவ்வொரு தீபாவளிக்கும் இயந்திரத்தால் முரட்டுப் பாலிஷ் தேய்த்தால், 40 மைக்ரோமீட்டர் எத்தனை ஆண்டுக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கீறல் தெரிந்தால் மட்டும், தெரியும் இடத்தில் மட்டும், முதலில் மிக மென்மையான பாலிஷைக் கொண்டு தொடங்குங்கள்.

வீட்டில் தாத்தா காலத்துக் கார் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய கார்கள் சிலவற்றில் கிளியர் கோட் இருக்காது, நிறச்சாயமே மேலடுக்காக இருக்கும். மறைவான ஓர் இடத்தில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் எடுத்து மெதுவாகத் தேய்த்துத் துணியைப் பாருங்கள். காரின் நிறம் துணியில் ஏறியிருந்தால், நீங்கள் தேய்ப்பது நிறத்தையேதான்.