தரைக்கு எத்தனை பெட்டி டைல்ஸ்?

ஆனைகட்டியில் வீடு கட்டுவோர்க்கு ஒரு பெட்டி டைல்ஸ் குறைந்தால், அதை வாங்கச் சுமார் 30 கிலோமீட்டர் இறங்கிக் கோவைக்குச் செல்ல நேரிடும். சென்றாலும், பெட்டியில் அச்சிடப்பட்ட ஷேட் எண்ணும் பேட்ச் எண்ணும் பொருந்தும் சரக்குக் கிடைப்பது உறுதியன்று; நிற வேறுபாடு கூடத்தின் நடுவே நிலைத்துவிடும்.

எனவே வீட்டுக்கடன் மதிப்பீட்டுக்கு முன்பே கணக்கிடுதல் நலம். 12 அடிக்கு 11 அடி அறையின் பரப்பு 132 சதுர அடி. ‘இரண்டடி டைல்ஸ்’ என்பதால் நான்கால் வகுத்து 33 போதும் என்பர். பிழை இங்கேதான். அதன் உண்மை அளவு 600 மில்லிமீட்டர், இரண்டடியோ 609.6. 12 அடி நீளத்தில் ஆறு கற்கள் பதித்த பின்னும் சுவரருகே ஏறத்தாழ இரண்டு அங்குலம் எஞ்சும். சதுர மீட்டரில், 12.26ஐ 0.36ஆல் வகுத்தால் 34க்குச் சற்று மிகும். வெட்டுச் சேதம் 10 விழுக்காடு சேர்த்தால் 38. மூலைவாட்டில் பதிப்பதாயின் 15 விழுக்காடு தேவை.

பலர் மறப்பது ஸ்கர்ட்டிங். வாசல் நீங்கலாக 42½ அடிச் சுற்றுக்கு, கல்லுக்கு ஐந்து நான்கங்குலப் பட்டைகள் வீதம், மேலும் 5 கற்கள் வேண்டும். ஆக 43, பெட்டிக்கு நான்கெனில் 11 பெட்டிகள். மிஞ்சும் கற்களைத் திருப்பித் தராமல் பரணில் வைத்திருங்கள். பின்னாளில் குழாய்ப் பழுதுக்காகத் தரையை உடைக்க நேர்ந்தால் அதே நிறக் கல் அங்கிருக்கும்.