மடிக்கணினிக்கு ரேம் வாங்குமுன்

மடிக்கணினி மெதுவாக ஓடுகிறது என்று யாரிடம் முறையிட்டாலும், "ரேம் போடு" என்னும் மருந்தே நம் கல்லூரியில் சொல்லப்படுகிறது. காய்ச்சல் எதனால் வந்தது என்று பாராமல் மாத்திரை தருவதைப் போன்றது இது. விடுதியில் தங்கிப் படிப்பவர்க்கு ஒரு ரேமின் விலை சிறு தொகையன்று. போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனமையால், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதன் விலை மளமளவென ஏறியது. ஆகவே கடைக்காரரைக் கேட்குமுன் கணினியையே இரண்டு கேள்விகள் கேட்டுவிட வேண்டும் என்பேன். உனக்கு நினைவகம் போதவில்லையா? ஆம் எனின், எவ்வகை நினைவகத்தை ஏற்பாய்?

ரேம் என்பது யாது? நம் வீட்டு அடுக்களையை எண்ணிப் பாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டி. மூட்டைகள் கிடக்கும் பரண். ரேம் அஞ்சறைப் பெட்டி, டிஸ்க் பரண். பெட்டி நிறைந்துவிட்டால், தாளிக்கும் ஒவ்வொரு முறையும் கடுகுக்காக ஏணி வைத்துப் பரணில் ஏற வேண்டியதுதான். கணினி திணறுவது அப்போதுதான்.

ஐ.பி.எம். நிறுவனத்து ராபர்ட் டென்னார்டு என்பவர் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் கொண்டு ஒரு பிட்டைச் சேமிக்கும் முறைக்கு 1968இல் காப்புரிமை பெற்றார். இன்றைய ரேமும் அம்முறையில் அமைந்ததே. 1970இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்னும் சில்லு 1,024 பிட்டுகளை வைத்திருந்தது. இன்றைய 8 ஜி.பி. ரேமிலோ ஏறத்தாழ 6,870 கோடி பிட்டுகள்! விரல் நீளமே உள்ள பலகையில் இத்தனையா என்று வியப்பாக இல்லையா?

இனி முதற் கேள்விக்கு வருவோம். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமாகச் செய்யும் வேலைகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். வெறுங்கணினியைச் சோதிப்பதில் பயனில்லை. என் நண்பர் ஒருவர் விடுமுறைகளில் பந்தி பரிமாறச் சென்று சேர்த்த பணத்தோடு ரேம் வாங்கப் புறப்பட்டார். அவருடைய கணினியில் நினைவகம் 58 விழுக்காடுதான் நிரம்பியிருந்தது. டிஸ்க்கோ 100இல் நின்றது. பெட்டியில் இடம் இருக்கிறது, பரணில்தான் நெரிசல்! அவர் அப்பணத்திற்கு எஸ்.எஸ்.டி. வாங்கிப் பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்றிக்கொண்டார். ரேம் வாங்கியிருந்தால் பணம் வீண்.

என் கணினியின் கதை வேறு. பொருளியல் ஆய்வுக்கான அட்டவணைகளும் பிரவுசரும் திறந்தால் 4 ஜி.பி.யில் 93 விழுக்காடு நிரம்பிவிடும். எனக்குத் தேவை ரேமே.

இரண்டாம் கேள்விதான் பணத்தை விழுங்குவது. டி.டி.ஆர்.3, 4, 5 ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தா. மடிக்கணினி ரேமில் அவற்றின் ஊசிகள் முறையே 204, 260, 262; வெட்டுப்பள்ளமும் வெவ்வேறிடத்தில். நம் மாநில அரசு 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அக்காலத்தில் அண்ணனோ அக்காவோ பெற்ற கணினியை இன்றும் வைத்திருப்போர் டி.டி.ஆர்.3இல் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரண வகைக்கு 1.5 வோல்ட், 'எல்' எழுத்துடையதற்கு 1.35 வோல்ட். 'எல்' வகை இரண்டு அழுத்தத்திலும் இயங்கும், மற்றது அப்படியன்று. ஆதலின் ஐயமிருப்பின் 'எல்' வகையே நலம்.

அதே டாஸ்க் மேனேஜரில் எத்தனை ஸ்லாட் உள்ளன, எத்தனை நிரம்பியுள்ளன, வேகம் என்ன என்பனவும் தெரியும். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று காட்டினால் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது என்று பொருள். அதைக் கழற்றி மாற்ற இயலாது. கணினி ஏற்கும் உச்ச அளவைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். 32 பிட் விண்டோஸ் வைத்திருப்போர் 4 ஜி.பி.க்கு மேல் போட்டும் பயனில்லை.

என்னுடையது 2400 வேகத்து டி.டி.ஆர்.4, ஒரு ஸ்லாட் காலி. இன்னொரு 4 போட்டால் சம இணையாகி, இரு வழியாகத் தகவல் ஓடும், வேகம் கூடும். 8 போட்டால் மொத்தம் 12, ஆனால் இணை சமமன்று. நான் 8ஐயே தேர்ந்தேன். இடமின்றிப் பரணேறுவதைவிட, இடம் இருந்து சற்றே மெதுவாக நடப்பது மேல் அல்லவா? படமும் விளையாட்டுமே முதன்மை என்போர் சம இணையை நாடலாம். கடைக்காரர் 3200 வேகத்தைப் புகழ்ந்தார். என் கணினியில் அதுவும் 2400இல்தான் ஓடும் என்பதால் அதற்கெனக் கூடுதலாக ஒரு ரூபாயும் தரவில்லை.

பொருத்துவது எளிது. மின்னிணைப்பையும் பேட்டரியையும் துண்டித்து, உலோகம் ஒன்றைத் தொட்டுக் கையின் நிலைமின்னைப் போக்கிவிட்டு, ரேமைச் சாய்வாகச் செருகி, இருபுறக் கொக்கிகளும் 'க்ளிக்' என்னும்வரை அழுத்த வேண்டும். பின்பு விண்டோஸிலேயே உள்ள நினைவகச் சோதனையை ஓட விடுங்கள். பிழை காட்டினால் கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ளலாம். அதுவரை ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.