கரும்பலகைக்கு இந்தப் பக்கம் – 4: ‘புரிஞ்சுது மிஸ்!’

பி.எட். படிப்பில் முதலில் கற்றுத் தருவது, பிள்ளைகளே இல்லாத வகுப்பில் பாடம் நடத்துவதைத்தான். நுண்ணிலைக் கற்பித்தல் என்று பெயர். சில நிமிடப் பாடம், அதில் ஒரே ஒரு திறன். கூடப் படிப்பவர்களில் ஏழெட்டுப் பேர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக எதிரே உட்கார்ந்துகொள்வார்கள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கும் அக்கா ஒருவர், “மிஸ், மிஸ், நான் சொல்றேன்” என்று கையைத் தூக்குவார். இந்த வாரம் வினா கேட்கும் திறன் என்றால், அடுத்த வாரம் வலுவூட்டும் திறன், அதற்கடுத்து கரும்பலகையைப் பயன்படுத்தும் திறன். கடைசி பெஞ்சில் ஒருவர் உற்றுநோக்கல் படிவத்தில் மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பார்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலனும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய முறை இது. அப்போது புதிதாக வந்திருந்த வீடியோ பதிவுக் கருவி அங்கே அதற்குப் பெரிய துணை. பாடம் நடத்து, உடனே போட்டுப் பார், திருத்திக்கொண்டு மறுபடி நடத்து. இப்போது எங்கள் எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. செல்போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்து நாங்களும் எடுத்துப் பார்த்துக்கொண்டோம். குரல் எங்கே தேய்கிறது, எத்தனை தடவை ‘ஓகேவா’ என்கிறோம், போர்டை மறைத்துக்கொண்டு நிற்கிறோமா என்பதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் கேமரா திரும்பியிருப்பது முழுக்க ஆசிரியர் பக்கம். எதிரே இருப்பவர்களைக் காட்டினாலும் பயன் இருந்திருக்காது. வேண்டுமென்றே தப்பான விடை சொல்லுங்கள் என்றாலும் அவர்களுக்கு ஒரு குழந்தை செய்யும் தப்பைச் செய்ய வரவில்லை.

அந்தத் தப்பைப் பார்க்கப் பள்ளிக்கூடம்தான் போகவேண்டும். 2015-ல் பி.எட். ஈராண்டுப் படிப்பாக மாறியதிலிருந்து இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியிலேயே இருக்கவேண்டும் என்பது விதி. எனக்குக் கிடைத்தது விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பு, சமூக அறிவியல்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2020-ல். சேர்ந்தார்கள் என்பதோடு சரி, பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். அதற்குள் ஒன்றாம் வகுப்பு முடிந்து இரண்டாம் வகுப்பும் பாதி போய்விட்டது. இவர்களுக்கு முதல் வகுப்பறை என்பது கல்வித் தொலைக்காட்சியோ, வேலைக்குப் போன அப்பா ராத்திரி கொண்டுவரும் செல்போனோதான். திரைக்கு முன்னால் எப்படி உட்காரவேண்டும் என்று இவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. செல்போனில் தமிழில் டைப் செய்யத் திணறும் பையன், மைக் பட்டனை அழுத்தி வாயால் கேட்டே வேண்டிய வீடியோவைப் பிடித்துவிடுகிறான். எழுத்துக் கூட்டிப் படிப்பதில்தான் தயங்குகிறான்.

சூரியக் குடும்பம் பாடத்துக்கு ஒரு அனிமேஷன் படம் போட்டேன். ஸ்மார்ட் வகுப்பறை, பெரிய திரை, நல்ல சத்தம். நிலா பூமியைச் சுற்றி வருகிறது, பிறையாகிறது, பாதியாகிறது, முழுசாகிறது. வகுப்பில் சின்னச் சத்தம்கூட இல்லை. முடிந்ததும் “புரிஞ்சுதா?” என்றேன். “புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்” என்று கூரை அதிர்ந்தது. உற்றுநோக்கல் படிவத்தின்படி அது முழு மதிப்பெண் வகுப்பு.

பிறகு ரஃப் நோட்டில் ஒரு படம் போடச் சொன்னேன். நிலா ஏன் சில நாள் பாதியாகத் தெரிகிறது? பேர் எழுதவேண்டாம், போட்டு முடித்ததும் நோட்டை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் போதும். முக்கால்வாசி நோட்டுகளில் ஒரே படம். சூரியன், நடுவில் பூமி, பூமியின் நிழல் விழுந்து பாதி மறைந்த நிலா. இரண்டு பேர் மேகம் போட்டிருந்தார்கள். ஒருவன் நிலாவைக் கடித்த மாதிரி வரைந்துவிட்டு, சிரித்துக்கொண்டே கையால் மறைத்துக்கொண்டான். படத்தில் பார்த்ததை யாரும் மறக்கவில்லை. ஏற்கெனவே மனதில் இருந்த நிழலோடு அதையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கிராமத்துப் பிள்ளைகள், கொரோனாவில் படிப்பு போய்விட்டது என்று இதற்கு உடனே காரணம் தேடவேண்டாம். அமெரிக்காவில் 1987-ல் வந்த ஓர் ஆவணப்படத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளில் அங்கியோடு நின்றவர்களிடம் பருவகாலம் ஏன் மாறுகிறது, நிலா ஏன் வளர்ந்து தேய்கிறது என்று கேட்டார்கள். மாணவர், முன்னாள் மாணவர், பேராசிரியர் என்று கேட்கப்பட்ட 23 பேரில் 21 பேர் தப்பாகவே சொன்னார்கள்.

நோட்டைத் தூக்கிப் பிடிப்பதும் நான் கண்டுபிடித்த உத்தி இல்லை. சென்னை எழும்பூரில் 1789-ல் ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்து அதையே தன் பள்ளிக்கும் கொண்டுபோனார். தன் ஆசிரியர்களுக்கு அதில் மனம் ஒப்பாததால் பெரிய பையன்களைச் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான். 1797-ல் லண்டனில் இதைப் பற்றி அவர் எழுதி வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர். அந்த முறையில் குறைகள் ஏராளம்; பெரும்பாலும் உருப்போடுதல்தான். ஆனால் மணலில் ஒரு வசதி இருந்தது. பிள்ளை என்ன எழுதுகிறது என்பது பக்கத்தில் நிற்பவருக்கு அந்த நொடியே தெரியும், தப்பென்றால் ஒரு கைவீச்சில் அழிந்தும்விடும். என் ஸ்மார்ட் போர்டில் அந்த வசதி இல்லை. அது காட்டும், கேட்காது. எந்தக் கருவியை வகுப்புக்குள் கொண்டுபோனாலும் இப்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான்: பிள்ளை நினைப்பது இதன் வழியாக என்னிடம் வருமா?

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எல்லார் நோட்டையும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “பூமி நிழல்தான்னா, அப்போ கிரகணம் எதுக்கு மிஸ் தனியா வருது?”

ஜன்னல்களைச் சாத்தினோம். என் செல்போன் டார்ச் சூரியன், அவள் தலை பூமி, கையை நீட்டிப் பிடித்த வெள்ளை பிளாஸ்டிக் பந்து நிலா. பந்தைத் தலைக்குச் சற்று மேலே உயர்த்திப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றினாள். வெளிச்சத்தைப் பார்த்து நின்றபோது பந்து இருட்டு, அமாவாசை. பக்கவாட்டில் பாதி. முதுகைக் காட்டியதும் முழுசு. நிழல் எங்குமே விழவில்லை. பந்தைத் தாழ்த்தி அவள் தலை நிழலுக்குள் கொண்டுவந்ததும் பையன்கள் கத்தினார்கள்: “கிரகணம்!” நிலாவின் பாதை ஏறத்தாழ 5 டிகிரி சாய்ந்திருப்பதால் மாதாமாதம் அப்படி நிழலில் மாட்டுவதில்லை என்பதை அதற்குப் பிறகு சொல்ல ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அன்று அந்த அறையில் இருந்த நவீனக் கருவிகளில் அதிகம் உழைத்தது செல்போனின் டார்ச்தான்.

மறுநாள் ஒருவன் அடுத்ததைக் கொண்டுவந்தான். “பகல்ல சில நாளு நிலா தெரியுதே, அது எப்டி மிஸ்?” பௌர்ணமி கழிந்து ஒரு வாரம் ஆகும்வரை காத்திருந்து, காலை இறைவணக்கம் முடிந்த கையோடு அதே பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். மேற்கே பாதி நிலா இருந்தது. பந்தை அதற்கு நேரே தூக்கிப் பிடித்தால், கிழக்கு வெயில் பட்டுப் பந்திலும் அதே பாதிதான் வெளிச்சம், அதே பக்கம். வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பிடித்துப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலர் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்கள்.

என் வழிகாட்டி ஆசிரியை பாடக்குறிப்பு நோட்டில் கையெழுத்துப் போடும்போது, துணைக்கருவிகள் என்ற இடத்தில் பேனாவை வைத்து நிறுத்தினார். “பந்துன்னு மட்டும் எழுதும்மா. நிலாவையும் எழுதிவெச்சிருக்கியே, தேர்வுக்குழு வர்றப்ப எல்லாத்தையும் மேசைமேல எடுத்து வைக்கச் சொல்வாங்க.”

(தொடரும்)