கண்மாய்த் தண்ணீரில் பெயர் தேடும் உயிர்கள்

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் என்றாலே, மலையைக் குடைந்து அமைக்க எண்ணிய நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்தான் பேச்சு. மலையைக் குடையாமல், அங்குள்ள கண்மாய்க் கரையிலேயே செய்யக்கூடிய அறிவியலும் உண்டு.

மழைக்குப் பிறகு நம் பக்கத்துக் கண்மாய் எதிலாவது ஒரு குவளை தண்ணீர் மொண்டு வெயிலில் உயர்த்திப் பாருங்கள். வெண்புள்ளிகள் துள்ளித் துள்ளி நீந்தினால், அவற்றில் மொய்னாவும் இருக்கலாம். வண்ணமீன் வளர்ப்போர் குஞ்சுகளுக்குத் தீவனமாகப் போடுகிறார்களே, அதுதான். இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். உருப்பெருக்கியில் வைத்தால் ஒற்றைக் கரிய கண், படபடக்கும் இதயம், முதுகுப் பையில் வளரும் குஞ்சுகள் எல்லாம் உடலை ஊடுருவித் தெரியும். தண்ணீர் நிறைந்திருக்கும்வரை ஆண் துணையின்றியே பெண் குஞ்சுகள் பிறக்கும். வற்றத் தொடங்கினால் ஆண்கள் தோன்றும். தடித்த உறைக்குள் முட்டை சேற்றில் கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

நம் நாட்டுப் பட்டியல்களில் இதற்கு அடிக்கடி வரும் பெயர் மொய்னா மைக்ரூரா. பொஹீமியாவில் கிடைத்த ஓர் உயிருக்கு விலங்கியலாளர் குர்ட்ஸ் 1875இல் வைத்த பெயர் அது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததால் வெப்பநாட்டு மொய்னாக்களுக்கும் அதையே சூட்டிவிட்டார்கள். டிஎன்ஏவை ஒப்பிட்டபோதுதான், அந்த ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது.

இதற்கு உதவுவது டிஎன்ஏ பார்கோடு முறை. கனடாவின் பால் ஹெபர்ட் 2003இல் முன்வைத்தது. அவரே மொய்னாவின் உறவான டாஃப்னியாவைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சிஓஐ மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் பிசிஆர் கருவியில் பெருக்கிப் படித்து, தரவுத்தளத்தோடு ஒப்பிடுவார்கள். இத்தனை சிறிய உயிர் என்பதால் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும்போது பெரும்பாலும் முழு உடலும் கரைந்துபோகும். ஆகவே முதலில் படம் எடுத்தாக வேண்டும். பதப்படுத்தி வைக்க ஃபார்மலின் ஆகாது, அது டிஎன்ஏவைச் சிதைக்கும்; எத்தனால்தான் சரி.

பார்கோடு மட்டும் போதாது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவதால் கலப்பினம் அதில் பிடிபடாது. காலையும் உணர்கொம்பையும் வரைந்து இனம் பிரிக்கும் வல்லுநர் எப்போதும் தேவை.

தேனி மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்களே, ஒரு மிதவை வலையும் ஒரு புட்டி எத்தனாலும் போதும். கண்மாய் நிறையும்போது ஒருமுறை, வற்றுமுன் ஒருமுறை சேகரித்து, இடமும் தேதியும் குறித்து வையுங்கள்.