கையொப்பத்திற்கு முன்னும் பின்னும்

ஈப்போவிலுள்ள ஓர் உணவகத்திற்குக் கேமரன் மலையைச் சேர்ந்த மொத்த வணிகர் ஒருவர் நாள்தோறும் தக்காளி அனுப்பி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்குமிடையே பத்திரம் ஏதுமில்லை. தொலைபேசிப் பேச்சும் புலனத்தில் வந்த விலைப்பட்டியலும்தான் உள்ளன. தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கையில், “நாளை முதல் சரக்கு வராது” என்று வணிகர் செய்தி அனுப்புகிறார். கையெழுத்தே இல்லாதபோது சட்டம் எப்படித் துணைக்கு வரும் என்று பலர் கைவிரித்து விடுவர். அது தவறான எண்ணம்.

மலேசியாவில் இத்தகைய உடன்பாடுகளுக்கு 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே அடிப்படை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது அது. ஒருவர் முன்மொழிவதை மற்றவர் அப்படியே ஏற்கும்போது ஒப்பந்தம் உருவாகிறது. “கிலோ 4 ரிங்கிட்” என்பதற்கு “3.50 என்றால் சரி” என்று பதில் வந்தால், அது ஏற்பு ஆகாது, புதிய முன்மொழிவு ஆகும். சரக்குக்குப் பணம் என்பதுபோல் இரு தரப்பும் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெற வேண்டும். தரப்பினர் 18 வயது நிரம்பியவராகவும் தெளிந்த மனநிலை உடையவராகவும் இருத்தல் வேண்டும். வற்புறுத்தலோ ஏமாற்றோ இருத்தல் கூடாது. பொதுவாக, எழுத்து கட்டாயமன்று, வாய்மொழியும் செல்லும்.

சிக்கல் வேறோர் இடத்தில் உள்ளது. விலைப்பட்டியல் என்பது பெரும்பாலும் வாங்க வாருங்கள் என்ற அழைப்பு மட்டுமே. அன்றாடம் கேட்டு அன்றாடம் அனுப்பியிருந்தால், ஒவ்வொரு நாள் கேட்பும் தனித்தனி ஒப்பந்தமாகிவிடும். அப்போது நாளைக்கு மறுக்க வணிகருக்கு உரிமையுண்டு. “ஓராண்டுக்கு இதே விலையில் தருகிறேன்” என்று அவர் உறுதி கூறி, உணவகத்தாரும் அதை ஏற்று, அவரிடமே வாங்குவதாக ஒப்புக்கொண்டிருந்தால் நிலைமை தலைகீழாகும். அந்த ஒரு செய்தி கைப்பேசியில் இருக்கிறதா என்பதே வழக்கின் உயிர்நாடி.

எழுத்து ஒப்பந்தங்களில் முன்னறிவிப்பு விதி இடம்பெறும். எத்தனை நாள், எந்த வடிவில், எந்த முகவரிக்கு என்பனவற்றை அது சொல்லும். 30 நாள் முன்னறிவிப்பைப் பதிவு அஞ்சலில் அனுப்ப வேண்டும் என்றிருந்தால், குறுஞ்செய்தி போதாது என்று வாதிட இடமுண்டு. காலவரையறையற்ற ஒப்பந்தத்தில் இவ்விதியே இல்லாவிடில், நியாயமான அவகாசம் எவ்வளவு என்று நீதிமன்றம் பார்க்கும். மறுதரப்பு கடமையை முழுவதுமாக மறுத்தால், முன்னறிவிப்புக்குக் காத்திராமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளச் சட்டத்தின் 40ஆம் பிரிவு இடமளிக்கிறது. லாரி ஒருநாள் தாமதமாக வந்தது பொதுவாக அவ்வளவு பெரிய காரணமாகாது.

ஒப்பந்தம் மீறப்பட்டால் கிடைக்கும் பரிகாரம் பெரும்பாலும் இழப்பீடே. சந்தையில் எளிதில் கிடைக்கும் தக்காளியைக் கொடுத்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிடுவது அரிது. 200 கிலோவை 4 ரிங்கிட்டுக்குப் பதில் 6 ரிங்கிட்டுக்கு வெளியில் வாங்க நேர்ந்தால், வேறுபாடான 400 ரிங்கிட்டைக் கோரலாம். வேறிடத்தில் வாங்க முயலாமல் கடையை மூடிவிட்டு முழு நட்டத்தையும் கேட்டால், தவிர்த்திருக்கக்கூடிய பகுதி கழிக்கப்படும்.

விருந்துக்கான முன்பதிவு இழந்த இலாபம் என்னாகும்? இதற்கு 1854ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கான ‘ஹாட்லி எதிர் பாக்ஸெண்டேல்’ விடை தருகிறது. குளோஸ்டர் நகர மாவு ஆலையின் நீராவி இயந்திரத் தண்டு உடைந்தது. புதியதற்கு மாதிரியாக அதை எடுத்துச் சென்ற நிறுவனம் தாமதித்தது, ஆலை நின்றது. வேறு தண்டு இல்லை என்ற தனிநிலை அந்நிறுவனத்துக்குத் தெரிந்திருந்ததாக நீதிமன்றம் கருதாததால், இழந்த இலாபம் கிடைக்கவில்லை. நம் சட்டத்தின் 74ஆம் பிரிவும் இவ்வழியில்தான் செல்கிறது. எனவே, தீபாவளி விருந்து இருப்பதை உணவகத்தார் ஒப்பந்தம் செய்தபோதே வணிகரிடம் சொல்லியிருந்தாரா என்பது முக்கியமான கேள்வி.

சிலர் “மீறினால் 50,000 ரிங்கிட்” என்று முன்கூட்டியே எழுதிவிடுவர். 75ஆம் பிரிவின்படி அது உச்சவரம்பு மட்டுமே; அதற்குள் நியாயமான தொகையே கிடைக்கும். தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடுக்க 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் ஆறு ஆண்டுகள் தருகிறது. மீறல் நடந்த நாளிலிருந்து அது கணக்கிடப்படும்.